“இன்னும் ரெண்டு ஊசிதானே?” கீமோ முடியப்போகும் பிள்ளைகளின் கேள்விகள்

மார்த்தாண்டம், குலசேகரம், கொல்லங்கோடு பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குக் கீமோவுக்கு, அதாவது புற்றுநோய் மருந்தூசிக்குப் போய்வருகிறவர்கள் கேட்டவை இவை. நோயாளிகளில் யாருக்கும் முப்பது வயது தாண்டவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: “முடியப்போகுதே, இப்ப போய் டாக்டர்ட்ட எதுக்குச் சொல்லணும்?” கீமோ வார்டு நர்ஸான எனக்குப் பயம் தருவது அந்த வரிதான்.

வயது 24. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். பன்னிரண்டு ஊசியில் பத்து முடிந்தது. இப்போது பஸ் பாறசாலை தாண்டும்போதே வாந்தி வருகிறது. மருந்தே ஏறவில்லை, நடிக்கிறேன் என்கிறார்கள் வீட்டில்.

நடிப்பில்லை மக்களே. பத்துத் தடவை அந்த வழியே போய்ப் பத்துத் தடவையும் குமட்டலோடு திரும்பிய உடம்பு, அந்த வழியையே மருந்தாகப் பழகிவிட்டது. இளவயதுக்காரர்களுக்கு இது கூடுதலாகவே வரும். எங்கள் வார்டில் ஒரு பையன், டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தின் அந்த ஆரஞ்சுச் சிவப்பைக் கண்டாலே ஓங்கரிப்பான். ஒரு துண்டைப் போட்டு சிரிஞ்சை மறைத்துக்கொள்வேன். ஊசி இறங்கும் இடம் மட்டும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். அவன் ஐஸ் துண்டைச் சப்பியபடி சுவரைப் பார்த்துக் கிடப்பான். அப்படித்தான் கடைசி நாலு ஊசியையும் முடித்தோம்.

இந்த வாந்தி தொடங்கிவிட்டால் வழக்கமான மாத்திரை மட்டும் கேட்காது. முந்தின ராத்திரியே போட்டுக்கொள்ள லோராசிபாம், ஓலன்சபின் போன்றவை உண்டு. டாக்டர்தான் எழுதித் தர வேண்டும், ஆனால் நீங்கள் வாய் திறந்து சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? அடுத்த தடவை பஸ்ஸை விட்டுவிட்டுக் குழித்துறையில் ரயில் ஏறிப் பாருங்கள். வழி மாறினால் சிலருக்குக் குமட்டல் குறைகிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சலுகையும் உண்டு: செகண்ட் கிளாஸில் 75 சதவீதம், ஸ்லீப்பரில் முழுக் கட்டணமும் தள்ளுபடி. கூட வருபவருக்கு இரண்டிலும் 75 சதவீதம். மருத்துவமனையில் சான்று கேட்டு வாங்குங்கள்.

மகனுக்கு 19 வயது. ஊசி போட்ட ஒன்பதாம் நாள் ராத்திரி 100.6 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்து, விடியட்டும் என்று படுக்க வைத்தேன். சரிதானா?

சரியில்லை அம்மா. இந்தத் தடவை தப்பியது, இனி விடியக் காத்திருக்காதீர்கள். ஊசிக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை வெள்ளையணுக் கவுண்ட் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது 100.4 டிகிரி தொட்டாலே அவசரம்தான். மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் மறைந்துகொள்ளும், கிருமி உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நடு ராத்திரியானாலும் வண்டி பிடியுங்கள். மலையாளம் பேச வராதே என்று தயங்க வேண்டாம். காய்ச்சலுக்கு அங்கே “பனி” என்பார்கள், அந்த ஒரு சொல்லும் கீமோ ஃபைலும் போதும்.

வயது 29. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை. மார்பகப் புற்றுநோய்க்கு வாராவாரம் பாக்லிடாக்ஸல் ஊசி, இன்னும் மூன்று பாக்கி. விரல் நுனி மரத்து, ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ?

இந்தப் பயத்தில்தான் பலரும் மறைக்கிறார்கள். அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம், வேறு வழி பார்க்கலாம். அதனால் இதுவரை பட்டதெல்லாம் வீணாகிவிடாது. மறைத்தால் மரப்பு மாசக்கணக்கில் நிற்கும், சிலருக்கு முழுசாகப் போவதே இல்லை. “மரத்திருக்கு” என்று மட்டும் சொல்லாமல், “ஹூக் மாட்ட முடியல” என்று அப்படியே சொல்லுங்கள். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று டாக்டருக்கு அதில்தான் புரியும்.

வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், செருப்பில்லாமல் முற்றத்திலும் நடக்காதீர்கள். அண்டி உடைக்க இப்போது போகவே வேண்டாம். ஓட்டு எண்ணெய் பட்டுப் பொள்ளினாலும் மரத்த விரலுக்குத் தெரியாது.

பெரியப்பா தினமும் முள்ளாத்தா (முள் சீத்தா) இலைக் கஷாயம் கொண்டுவருகிறார்.

வேண்டாம். அது மனிதருக்குப் புற்றுநோயைக் குணமாக்கியதாக நிரூபணமில்லை. கீமோ மருந்தோடு கூட்டுச் சேர்ந்து ஈரலைக் கெடுத்தால் அடுத்த ஊசியே தள்ளிப்போகும். “சிஸ்டர் விடமாட்டேங்கிறாங்க” என்று என் தலையில் போடுங்கள். அந்த நேரத்துக்குக் கஞ்சியும் பயறும் குடியுங்கள்.

வயது 21, கல்லூரி மாணவி. அடுத்த வாரம் கடைசி ஊசி. வீட்டில் நேர்ச்சைக்கு ஏற்பாடு நடக்கிறது. எனக்கு அழுகையாக வருகிறது.

அழு மக்களே. இத்தனை மாசமும் யாராவது ரத்தம் எடுத்து, கவுண்ட் பார்த்து, உன்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். திடீரென்று வீட்டுக்குப் போ என்றால் பயம் வராமல் என்ன செய்யும்? வார்டை விட்டுப் போகும்போது நிறையப் பேர் என் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்கள். அவர்களில் சின்ன வயதுக்காரர்களே அதிகம்.

அசதி உடனே விடாது, சில மாசம் பிடிக்கும். படித்தது மறக்கும். அதற்காகப் பயப்படாதே, ஆனால் அடுத்த செமஸ்டரில் எல்லாப் பேப்பரையும் சுமக்காதே. முடி ஒன்றிரண்டு மாசத்தில் பூனைமுடியாகத் தொடங்கும், முதலில் சுருட்டையாகவும் வரலாம். நேர்ச்சைக் கூட்டத்தில் எல்லோரிடமும் சிரித்துப் பேசத் தெம்பில்லை என்றால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அடுத்த வாரம் வார்டை விட்டு இறங்குமுன் மூன்று விஷயம் எழுதி வாங்கிக்கொள்: ஏற்றிய மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், அடுத்த செக்கப் தேதி, ராத்திரி கூப்பிட வேண்டிய நம்பர்.