கேம் மாற்றும்போது ஸ்பிரிங்கையும் மாற்றணுமா? கேள்வி பதில்

பல வருடமாக என்ஜின் ஹெட் வேலை பார்த்து வருகிறேன். கேம்ஷாஃப்ட், வால்வு ஸ்பிரிங் பற்றி வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, கேம் மட்டும் மாத்திட்டு ஸ்பிரிங்க பழசையே விட்டா என்ன?

விடாதீங்க தம்பி. வால்வைத் திறப்பதுதான் கேம். அதை மூடுவது ஸ்பிரிங். லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் தூரம், கூடின கேம் போட்டால் வால்வு அதிக தூரம் போய், வேகமாகத் திரும்ப வேண்டியிருக்கும். அதோடு, அப்படிக் கேம் மாற்றுகிறவர் பெரும்பாலோர் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்று) ஏற்றத்தான் போகிறார்கள். 6000-லிருந்து 7000-க்குப் போனால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் வால்வைக் கேமோடு ஒட்ட வைக்கத் தேவையான விசை ஏறக்குறைய 36 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பழைய ஸ்பிரிங்கால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள ராக்கரோ பக்கெட்டோ கேமை விட்டு எழும்பி மிதக்கும். வண்டி மேல் ஆர்பிஎம்மில் இழுக்காமல் நின்று மிஸ் அடிக்கும். அதையும் மீறி மிதித்தால், மூடாத வால்வைப் பிஸ்டன் வந்து அடிக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கேம் முழு லிஃப்ட்டில் நிற்கும்போது, ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு மொத்தமாக 1.5 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கணும். ஸ்பிரிங்கின் தலையில் உட்காரும் ரிடெய்னரின் அடிப்பக்கம், எண்ணெயைத் தடுக்கும் வால்வு சீல் மேல் இடிக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்கணும். இந்த இரண்டாவதைப் பார்க்காமல் விட்டு, சீலை நசுக்கி, புகை விடும் வண்டியோடு வந்தவர்கள் பலர்.

கேள்வி: அப்போ கிடைக்கிறதிலேயே ரொம்ப டைட்டான ஸ்பிரிங்கா போட்டுடலாமா சார்?

கூடாது. தேவைக்கு மேல் இறுக்கமான ஸ்பிரிங் கேமின் மேடான லோபைத் தின்னும், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் லிஃப்டரை அமுக்கிப் போடும். கேம் தயாரித்தவர் எந்த ஸ்பிரிங்கைச் சொல்கிறாரோ அதைப் போட்டு, எந்த உயரத்தில் உட்காரச் சொல்கிறாரோ அந்த உயரத்தில் உட்கார வையுங்க. உயரம் கூடுதலாக இருந்தால் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரி செய்யலாம்.

கேள்வி: ஒரு மெக்கானிக் அரை நாள் வேலைங்கிறார், இன்னொருத்தர் மூணு நாள் கேட்கிறார். யாரை நம்புறது?

என்ன என்ஜின் என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒற்றை சிலிண்டர் பைக்கில் ஹெட் கவர், செயின் டென்ஷனர், கேம் என்று சில மணி நேரத்தில் முடியும். நாலு சிலிண்டர், இரட்டை ஓவர்ஹெட் கேம் என்றால் 16 வால்வு, 16 ஸ்பிரிங், 32 லாக் (ரிடெய்னரை வால்வு தண்டில் பிடித்து வைக்கும் சின்னத் துண்டு). அதற்கு இரண்டு நாள் கேட்பதில் தப்பில்லை. நீளமான தண்டு வழியாக வால்வைத் தள்ளும் புஷ்ராட் வி8-ல் கேம் பிளாக்குக்குள்ளேயே இருக்கும். ரேடியேட்டர், கிராங்க் புல்லி, டைமிங் கவர் எல்லாவற்றையும் கழற்றி, வாட்டர் பம்ப் வழியில் நின்றால் அதையும் எடுத்து, கேமை முன்பக்கமாக உருவணும். உருவும்போது லோபின் முனை பேரிங்கைக் கீறாமல் இருக்க நீளமான போல்ட்டை முன்னால் மாட்டிக் கைப்பிடி போல் பிடித்துக்கொள்வோம்.

என் கணக்கில் கழற்றி மாட்டுவது பாதி வேலை, அளப்பது மீதிப் பாதி. அளப்பதற்கென்று நேரம் கேட்கிறவரிடம் வண்டியைக் கொடுங்க.

கேள்வி: ஹெட்டை இறக்காமல் ஸ்பிரிங் மாற்ற முடியுமா?

பல என்ஜின்களில் முடியும். வால்வு உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டால் போதும். அந்த சிலிண்டரின் பிஸ்டனை டாப் டெட் சென்டருக்கு, அதாவது உச்சிக்கு, கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாக 6, 7 பார் காற்று கொடுப்பது ஒரு வழி. காற்று கிராங்கைச் சுழற்றப் பார்க்கும், அதனால் கிராங்கை அசையாமல் பூட்டிக்கொள்ளணும். கம்ப்ரஸர் இல்லையென்றால், பிஸ்டன் பாதி கீழே இருக்கும்போது துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்து, கையால் கிராங்கைத் திருப்பி, கயிறு வால்வில் இறுகும் வரை மேலே கொண்டுவாங்க. கயிற்றின் ஒரு முனை வெளியே இருக்கணும்.

லாக், சிலர் காட்டர் என்பார்கள், பழைய என்ஜினில் ரிடெய்னரோடு ஒட்டிப்போயிருக்கும். ரிடெய்னர் மேல் சாக்கெட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் விடும். அதற்கு முன்னால் எண்ணெய் இறங்கும் ஒவ்வொரு துளையையும் துணியால் அடைத்துவிடுங்க. கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்க, லாக் தெறித்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். திருப்பி மாட்டும்போது வால்வு தண்டில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் இரண்டு துண்டும் பள்ளத்தில் ஒட்டி நிற்கும். ஸ்பிரிங்கை மெதுவாக விட்டு, இரண்டு துண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்க. ஒன்று மேலே தூக்கி நின்றால் மறுபடி அமுக்கணும்.

கேள்வி: கேம் கேப் போல்ட்டைக் கழற்ற வரிசை இருக்கிறதாமே, அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். கேமை ஹெட்டோடு பிடித்து வைக்கும் மூடிதான் கேப். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் அவசரத்தில் ஒரு பக்கத்து போல்ட்டுகளை முழுக்கக் கழற்றிவிட்டேன். மறுபக்கம் இறுகியிருக்க, ஸ்பிரிங்குகள் கேமைத் தூக்கின. 'டக்' என்று ஒரு கேப் விரிசல் விட்டது. அந்தக் கேப்புகளை ஹெட்டோடு சேர்த்துத்தான் கடைந்திருப்பார்கள், வேறு ஹெட்டின் கேப் பொருந்தாது. ஒரு போல்ட்டுக்காக முழு ஹெட்டையும் மாற்ற வேண்டி வந்தது. இன்றும் ஹெட் கவரைத் திறந்தால் அந்தச் சத்தம் நினைவுக்கு வரும். மேனுவலில் உள்ள வரிசையில், ஒவ்வொரு போல்ட்டாக, ஒரு நேரத்தில் அரைச் சுற்று. கேப்பின் எண்ணையும் அம்புக்குறியையும் போட்டோ எடுத்து வையுங்க.

கேள்வி: பிஸ்டனில் வால்வு இடிக்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

ஹெட் கழற்றியிருந்தால் களிமண்தான் எளிது. பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் களிமண்ணைத் தட்டி வைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று திருப்புங்க. ஹெட்டைத் தூக்கினால் வால்வின் அச்சு பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தை அளங்க. இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் அதிகம் நீளும் என்பதால்தான் அந்தக் கூடுதல்.

ஹைட்ராலிக் லிஃப்டர் அளக்கும்போது அமுங்கிப் பொய் சொல்லும். அளப்பதற்கு மட்டும் அமுங்காத சாலிட் லிஃப்டர் போடுங்க.

கேள்வி: புது கேம் போட்டதும் டேப்பட் சத்தம் போடுது. கேம் கோளாறா?

பக்கெட், ஷிம் உள்ள என்ஜின் என்றால் கேமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் முதலில் சந்தேகப்படணும். புது கேம் என்று பழைய கேமையே கடைந்து கொடுத்திருந்தால், லோபின் மேடில்லாத பகுதியான அடிவட்டம் சிறுத்திருக்கும், இடைவெளி கூடியிருக்கும். கணக்கு சுலபம்: பழைய ஷிம்மோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, இருக்க வேண்டிய இடைவெளியைக் கழியுங்க. ஷிம் 2.50, அளந்தது 0.32, இருக்க வேண்டியது 0.20 என்றால் 2.62 ஷிம் வேணும். என்ஜின் ஆறிய பிறகு அளங்க.

கேள்வி: ரோலர் இல்லாத பழைய ஃப்ளாட் டேப்பட் என்ஜின். பழைய லிஃப்டரையே போடலாமா?

புது கேமுக்குப் புது லிஃப்டர். இதில் பேச்சே இல்லை. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000-க்கு மேல் 20 நிமிடமாவது ஓட்டணும். துத்தநாகம் சேர்ந்த பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்க. இரட்டை ஸ்பிரிங் என்றால் அந்த ஓட்டத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்திருந்தால் லோப் தப்பிக்கும்.

கேள்வி: நான் தினமும் நெரிசலில் ஆபீஸ் போகிறவள். பெரிய கேம் போட்டால் வண்டி நன்றாக இழுக்குமா அண்ணா?

உங்களுக்கு வேண்டாம்மா. பெரிய கேம் பலத்தை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளும். நீங்கள் ஓட்டும் 1500, 2000-ல் இழுவை குறையத்தான் செய்யும். ஐடில் ஆடும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் வேக்குவம் குறைந்து பிரேக் பூஸ்டர் கூடத் தளர்ந்துபோகலாம். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவின் டியூனும் தனியாகச் செய்யணும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு. சாவியைத் திருப்பலாமா?

இன்னும் வேண்டாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்க. எங்காவது கெட்டியாக நின்றால் பலம் கொடுக்காதீங்க. அது வால்வும் பிஸ்டனும் தொடும் இடமாக இருக்கலாம். கொஞ்சம் பின்னால் திருப்பி விட்டு டைமிங் குறிகளை மறுபடி பாருங்க. தடையில்லாமல் சுற்றி, குறிகளும் சேர்ந்தால், பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரை ஓடவிட்டு ஆயில் பிரஷர் வருகிறதா என்று பாருங்க. வந்த பிறகு பிளக் மாட்டிச் சாவியைத் திருப்பலாம்.