அந்த வரிக்குதிரையை அடித்தது யார்?

கேள்வி: தான்சானியாவில் நிகோரோங்கோரோ பள்ளத்துக்கு சஃபாரி போனோம். விடிகாலையில் சிங்கங்கள் வரிக்குதிரையைத் தின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் கழுதைப்புலிகள் திருடக் காத்திருந்தன. டிரைவரோ அரைமணி நேரம் அந்தக் கழுதைப்புலிகளையும் பிணந்தின்னிக் கழுகுகளையுமே காட்டினார். பாதையை விட்டு இறங்கி அருகே போகச் சொன்னோம், மறுத்துவிட்டார். கட்டிய பணத்துக்கு இது நியாயமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: நியாயம்தான். வரிக்குதிரையை அடித்தது சிங்கம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? நீங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் அது சிங்கத்திடம் இருந்தது, அவ்வளவுதான். 1960களில் ஹான்ஸ் குரூக் என்ற டச்சு விலங்கியலாளர் இதே பள்ளத்தில், நிலா வெளிச்சத்தில், கழுதைப்புலிகளின் பின்னாலேயே வண்டியோட்டிப் பார்த்தார். அவை தின்பதில் பெரும்பகுதி அவையே இரவில் துரத்தி அடித்தவை. அந்தக் கூச்சல் கேட்டு வரும் சிங்கங்கள் அவற்றை விரட்டிவிட்டு இரையில் உட்கார்ந்துகொள்ளும். விடிந்தபின் வண்டிகளுக்குக் கிடைப்பது அந்தக் கடைசிக் காட்சி.

நம் முதுமலைப் பக்கம் உள்ளது வரிக் கழுதைப்புலி. அது பெரும்பாலும் செத்ததைத் தேடித் தின்பது. அந்த நினைப்போடு ஆப்பிரிக்கப் புள்ளிக் கழுதைப்புலியைப் பார்க்கக் கூடாது. வரிக்குதிரை வேட்டை என்றால் அது பத்துக்கு மேற்பட்ட கூட்டமாகக் கிளம்பும், கிலோமீட்டர் கணக்கில் ஓடும்.

அடுத்த முறை பைனாகுலரைச் சிங்கத்தின் முகத்திலிருந்து எடுத்து, தள்ளிப் படுத்திருப்பவற்றின் மீது வையுங்கள். கழுதைப்புலிகளின் தலையும் கழுத்தும் ரத்தத்தில் நனைந்து, வயிறு புடைத்திருந்தால் அவை முன்பே தின்றவை. இரையின் தொண்டை தெரிந்தால் அதையும் பாருங்கள். சிங்கம் தொண்டையையோ மூக்கையும் வாயையுமோ கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். பல் பதிந்த தடம் இருக்கும். கழுதைப்புலிகள் வயிற்றையும் இடுப்பையும் கிழித்தே சாய்க்கும். பிடரியுள்ள ஆண் சிங்கம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். போட்ஸ்வானாவின் சோபே பகுதியில், ஆண் சிங்கம் இல்லாதபோது ஒரு பெண் சிங்கத்துக்கு நாலு கழுதைப்புலி என்ற அளவில் கூட்டம் சேர்ந்ததும் அவை இரையை மீட்டுக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் டிரைவர் காத்திருந்தது இதற்காகவும் இருக்கலாம்.

கழுகுகளைக் காட்டியதும் வீண் இல்லை. (பாறு என்ற நல்ல தமிழ்ப் பெயர் அவற்றுக்கு உண்டு.) இரையை அவை மோப்பத்தால் அல்ல, கண்ணால்தான் கண்டுபிடிக்கின்றன. தரை சூடாகிக் காற்று மேலெழும்பிய பிறகே உயரே வட்டமிடும். ஆகவே விடிகாலையில் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. சும்மா வட்டமிட்டால் இன்னும் தேடுகின்றன என்று பொருள். காலைத் தொங்கவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால் அந்த இடத்துக்கு வண்டியை விடலாம். மரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தபடி இருந்தால் இரையருகே பெரிய விலங்கு இன்னும் இருக்கிறது. தரையில் குவிந்து சண்டை போட்டால் அது போய்விட்டது.

கள்ள வேட்டை நடந்த இடத்தைக் கண்டுபிடிக்க வனக்காவலர்களும் இதே வானத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனாலேயே கள்ள வேட்டைக்காரர்கள் பிணத்தில் விஷம் வைக்கிறார்கள். 2019இல் போட்ஸ்வானாவில் அப்படி விஷம் வைத்த மூன்று யானைகளின் உடலைத் தின்று 537 பாறுகள் செத்தன.

பாதையை விட்டு இறங்கச் சொன்னது தவறு. அந்தப் பள்ளத்தில் அதற்கு அனுமதி இல்லை. மாட்டினால் டிரைவர் மீது நடவடிக்கை வரும். வண்டிகள் நெருங்குவதால் அதிகம் இழப்பது சிவிங்கிப்புலி. அது பகலில் வேட்டையாடும்; ஓடி அடித்தபின் இளைப்பு அடங்கும்வரை தின்னவும் முடியாது. கென்யாவின் மசாய் மாராவில் செய்த ஆய்வு 2018இல் வெளியானது: சுற்றுலா குறைந்த பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து தனியே போயின. வண்டிகள் மொய்க்கும் பகுதியில் 0.2.

இனி காலையில் வண்டி ஏறியதும் “சிங்கம் எங்கே?” என்று கேட்காதீர்கள். இரவில் கழுதைப்புலிகள் எந்தப் பக்கம் கத்தின என்று கேளுங்கள். அங்கே போய், இன்ஜினை அணைத்துவிட்டு, விலங்குகளைக் கலைக்காத தொலைவில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.