ஓவிய வாத்தியார் பதில்கள்

கேள்வி: நுண்கலை படிக்கிறேன். குளத்துப் படியில் குளிக்கும் கிழவி ஒருத்தியை, முதுகுப் பக்கமாக வரைந்து எங்கள் குழுக் கண்காட்சியில் வைத்திருந்தேன். திறந்து வைக்க வருபவர் முகம் சுளிப்பார் என்று முந்தின நாள் ராத்திரியே கழற்றிவிட்டார்கள். 'பெரிசு பண்ணாதே' என்கிறார் அப்பா. விட்டுவிடட்டுமா?
– மாணவி, பெரம்பூர்

பதில்: விடாதே அம்மா. எனக்கும் இது நடந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே சென்னையில் ஒரு கூடத்தில். காலையில் போய்ப் பார்த்தால் சுவரில் வெறும் ஆணி. கீழே என் பெயரும், 'எண்ணெய் வண்ணம், 3 அடிக்கு 2 அடி' என்ற சீட்டும் மட்டும் ஒட்டியபடியே இருந்தன. படம் மாடிப்படிக்கு அடியில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. யார் எடுத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். பழுப்புத் தாளில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

நீ எழுதிக் கேள். யார் முடிவு செய்தார், என்ன காரணம் என்று எழுத்தில் வாங்கு. நிர்வாணம் என்றாலே ஆபாசம் ஆகிவிடாது என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஓவியர் எம்.எஃப். ஹுசேனின் 'பாரத மாதா' நிர்வாண ஓவியம் தொடர்பான வழக்குகளை 2008 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், பிற்பாடு நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே தலைமை நீதிபதியாக வந்தார். ஓவியர்கள் சூசா, அக்பர் பதம்சீ இருவரின் 7 படங்களை ஆபாசம் என்று சுங்கத்துறை பிடித்து வைத்ததே, அவற்றையும் விடுவிக்கச் சொல்லி 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப் போ. அங்கே அமராவதி பௌத்த ஸ்தூபியின் கல் சிற்பங்களில் இருக்கும் பெண்களைக் காட்டு. இடுப்பில் மேகலை, கையில் வளை, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். யாரும் துணி போர்த்தி வைக்கவில்லை.

கேள்வி: மனதைப் புண்படுத்துகிற படத்தையும் மாட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: 2008 மார்ச்சில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஔரங்கசீப்பைப் பற்றி ஒரு ஓவியக் கண்காட்சி நடந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் போலீஸ் வந்து மூடியது. அதில் சொல்லப்பட்ட வரலாறு எனக்கு உடன்பாடில்லை. மூடியதும் உடன்பாடில்லை. மறுப்பவர்களைக் கூப்பிட்டு, அந்தப் படங்களுக்கு முன்னாலேயே ஒரு சாயங்காலம் பேச வைத்திருக்கலாம். என்னைக் கூப்பிட்டிருந்தால் நானும் போய்ப் பேசியிருப்பேன்.