பின்பக்கம் தூக்கிப் போடுகிறதா?

கேள்வி: என் பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையம் இருக்கிறது. பின்னால் ஆள் ஏறுவதுண்டு என்பதால் அதை மிக இறுக்கமான கடைசிப் படியில் வைத்திருக்கிறேன். தனியாகப் போனால் சின்னப் பள்ளத்துக்கே தூக்கிப் போடுகிறது. ஷாக்கை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வளையத்தை இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடாதா?

பதில்: தளராது. வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறும் என்று பட்டறைக்காரர்களே நம்புகிறார்கள். நல்ல ஷாக்கைக் கழற்றி எறியும் அளவுக்கு அந்த நம்பிக்கை போவதைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5 கிலோ சுமை கேட்கும் சாதாரண ஸ்பிரிங், முதல் படியிலும் கடைசிப் படியிலும் அதே 5 கிலோவைத்தான் கேட்கும். மாறுவது வண்டி நிற்கும் உயரம்.

சக்கரம் மேட்டில் மேலே போக வேண்டும்; பள்ளத்தில் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். கீழே இறங்க இடம் இருக்க வேண்டுமென்றால், நீங்கள் உட்கார்ந்ததுமே ஷாக் கொஞ்சம் அமுங்கியிருக்க வேண்டும். இருவருக்கான இறுக்கத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அது ஏறக்குறைய முழுதாக நீண்டே நிற்கும். பள்ளம் வந்ததும் சக்கரம் இறங்க வழியில்லை. அந்தரத்தில் நின்று, பிறகு தரையில் மோதும். நீங்கள் சொல்லும் அடி இதுவாகத்தான் இருக்கும்.

அளந்து பாருங்கள். பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு புள்ளி வரை டேப் பிடியுங்கள். அப்புறம் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு நீங்கள் உட்கார, வேறொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். சக்கரத்தின் மொத்த அசைவு 120 மில்லிமீட்டர் என்றால், இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 30 முதல் 40 வரை இருப்பது நல்லது. அந்த அளவு வரும்வரை வளையத்தை இறக்குங்கள். ஆள் ஏறும் நாளில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகும் தூக்கிப் போட்டால்தான் ஷாக்கைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு அமுங்கவும் திரும்பி எழவும் மட்டுமே தெரியும். தானாக அது அடங்காது. அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது, குலுக்கத்தின் வேகத்தை அது வெப்பமாக மாற்றிவிடுகிறது. சீட்டை அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரு தடவை எழுந்து நின்றால் சரி. ஆடிக்கொண்டே இருந்தால் மெக்கானிக் சொன்னது உண்மை.

கேள்வி: முன் பிரேக் பிடித்தால் முன்பக்கம் ரொம்பக் குனிகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். கெட்டி ஆயில் குனியும் வேகத்தைத்தான் குறைக்கும். பிரேக்கைப் பிடித்தபடியே இருந்தால், எவ்வளவு ஆழம் குனிவது என்பதைப் பெரும்பாலும் ஸ்பிரிங்தான் முடிவு செய்யும். கெட்டி ஆயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. அமுங்கிய ஃபோர்க் மெதுவாகத்தான் எழும். அடுத்தடுத்து மேடுகள் வந்தால், முழுதாக எழுவதற்குள் அடுத்த அடி விழும்; போகப்போகத் தாழ்ந்து கட்டை போல இறுகிவிடும். ஆயில் ரொம்ப நாளானது என்றால், கையேட்டில் சொன்ன தரத்தில் புதிதாக ஊற்றுங்கள். அப்படியும் அடி வரை இறங்கினால், உங்கள் எடைக்கேற்ற விறைப்பான ஸ்பிரிங் போடுவதுதான் வழி.

கொஞ்சம் குனிவது நல்லதும்கூட. முன்பக்கம் தாழும்போது ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, வளைவில் வண்டி சுலபமாகத் திரும்பும். எண்ணெயால் அடக்கப்படும் இந்தக் குழாய் ஃபோர்க்கை பிஎம்டபிள்யூ 1935-ல் தன் ஆர்12 மாடலில் கொண்டுவந்தது. இன்றும் பெரும்பாலான பைக்குகளில் அதே அமைப்புதான்.

கேள்வி: ஃபோர்க் குழாயில் எண்ணெய் கசிந்து வழிகிறது. கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். வழியும் எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் பட்டால் முன் பிரேக் பிடிக்காது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். குழாயில் துருப் புள்ளி இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும். எண்ணெய் குடித்த பிரேக் பேடைத் துடைத்துப் போடாமல் புதிது வாங்கிவிடுங்கள்.