பனிக்கு முந்தைய மாதங்கள்

வணக்கம். என் மகள் வெர்மாண்டில் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். நார்டிக் ஸ்கீ அணியில், அதாவது கையில் கம்பு ஊன்றி மேடும் சமதரையுமான பனித் தடத்தில் சறுக்கி ஓடும் அணியில், இடம் கிடைத்திருக்கிறது. பனி விழ இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதற்குள் சக்கரம் வைத்த ஸ்கீயில் தார்ச்சாலையில் ஓடவிடுகிறார்கள். ஏற்றம் வந்தால் நடக்கச் சொல்கிறார்களாம். 'மெதுவாகப் போ' என்று கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துவிட்டது. பந்தயத்துக்குப் போகிறவளை ஏன் இப்படித் தடுக்கிறார்கள்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பயிற்சியாளர் சொல்வது சரி. கல்லூரிப் பந்தயங்கள் ஜனவரியில்தான் சூடுபிடிக்கும். தேசியப் போட்டி மார்ச்சில். இலையுதிர் காலம் பயிற்சி நேரத்தைச் சேர்த்து வைக்கும் காலம். அந்த நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, உச்ச இதயத்துடிப்பின் 72 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். உச்சம் 190 என்றால் 137. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிசகுவது ஏற்றத்தில்தான். சமதரையில் 130-ல் போகிறவளுக்கு, மூத்த மாணவிகளை விடாமல் பிடிக்கும் ஆசையில் மேட்டில் 165 ஆகிவிடும். இரண்டு மணி நேரத்தில் இப்படிப் பத்து மேடு ஏறினால் அது லேசான பயிற்சியும் அல்ல, கடினமான பயிற்சியும் அல்ல. மறுநாள் இன்டர்வலுக்கு, அதாவது நடுநடுவே ஓய்வு விட்டு வேகமாக ஓடும் பயிற்சிக்கு, காலில் தெம்பிருக்காது. நடக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கடினமான பயிற்சி வாரத்துக்கு இரண்டு போதும். ஒன்று, நீங்கள் சொன்ன சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில்: 82 முதல் 87 சதவீதத் துடிப்பில் ஆறு நிமிடம், இரண்டு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து முறை. ஐந்தாவது முதலாவதைவிட மெதுவாக முடிந்தால் தொடக்கத்தில் அவசரப்பட்டிருக்கிறாள் என்று பொருள். மற்றொன்று கம்புகளோடு செங்குத்தான மேட்டில் தாவித் தாவி ஏறுவது. அதற்கு, கிளாசிக் பாணியில் (இரு ஸ்கீயையும் இணையாக வைத்து ஓடுவது) ஊன்றும் கம்பைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் குட்டையான கம்பு வேண்டும். இவை போக, எடைப் பயிற்சிக்கு இரண்டு நாள்.

ஓட்டம் மட்டும் போதாதா என்றால், போதாது. தோளும் முதுகும் வயிறும் ஓடுவதால் வலுப்பெறுவதில்லை. இரு கம்புகளையும் ஒருசேர ஊன்றி உந்தும் 'டபுள் போலிங்' அவற்றைத்தான் கேட்கிறது. ஆனால் கிளாசிக் ரோலர் ஸ்கீ ஒரு விதத்தில் ஏமாற்றும். அதன் ஒரு சக்கரத்தில், பின்னோக்கிச் சுழலவிடாத பூட்டு இருக்கிறது. எடையைக் காலின் மேல் முழுதாகக் கொண்டுவராமல், தாமதமாக உதைத்தாலும் அது பிடித்துக்கொள்ளும். அதே உதை பனியில் வழுக்கும். மேட்டில் தாவி ஏறும் பயிற்சி இந்தப் பழக்கத்தைத் திருத்துகிறது.

கம்பின் கார்பைடு முனையை அடிக்கடி வைர அரத்தால் தீட்டச் சொல்லுங்கள். மழுங்கிய முனை தாரில் சறுக்கும். ஒவ்வொரு உந்தும் முழங்கையில் அதிரும். முழங்கை வலிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

ரோலர் ஸ்கீக்குப் பொதுவாகப் பிரேக் கிடையாது. அக்டோபர் வெர்மாண்டில் சாலையெல்லாம் ஈர இலை; சக்கரம் அதில் ஏறினால் பிடி போய்விடும். ஹெல்மெட்டும் பளிச்சென்ற மேற்சட்டையும் கட்டாயம். செங்குத்தான இறக்கத்தில் கழற்றிவிட்டு நடந்தோ வண்டியிலோ இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தகப்பனாக நீங்கள் கவனிக்க வேண்டியது சாப்பாடு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் நாளில் தண்ணீரோடு சர்க்கரை கலந்த பானமும் வேண்டும். முடித்த கையோடு சாப்பிட வேண்டும். வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் விடுபடுவது இதுதான். மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, அதைப் பயிற்சியின் இயல்பான விளைவு என்று விடாதீர்கள். உடலுக்குத் தேவையான சக்தி போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

குளிர் ஒத்துழைத்தால் நவம்பரில் வெர்மாண்டின் கிராஃப்ட்ஸ்பரி ஊரில் செயற்கைப் பனித் தடம் திறப்பார்கள். முதல் சில நாள் வேகம் வேண்டாம். சக்கரத்தில் வராத வலி கவட்டையிலும் கணுக்காலிலும் வரும். அது அடங்கியபின் இன்டர்வல் தொடங்கட்டும்.