ஃபால்அவுட் 3: மதர்ஷிப் ஸீட்டாவில் தோட்டா தீர்ந்தால் என்ன செய்வது?

ஃபால்அவுட் 3 வீடியோ கேமின் மதர்ஷிப் ஸீட்டா விரிவாக்கத்தில், ஏலியன்களின் (வேற்றுக்கிரகவாசிகளின்) விண்கப்பலில் குண்டும் தீர்ந்துவிட்டது, துப்பாக்கியும் தேய்ந்துவிட்டது, பழைய சேவுக்கு (முன்பு சேமித்த ஆட்டத்துக்கு) போவதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இங்கிருந்தே தப்பிக்கலாம்.

மூல ஆட்டம் நடக்கும் கேப்பிடல் வேஸ்ட்லேண்டில் சேர்த்த தோட்டாவை இந்தக் கப்பலில் நம்பாதீர்கள், அது கிடைப்பது அரிது. கொன்ற ஒவ்வொரு ஏலியன் உடலையும் தேடுங்கள். அட்டமைசர் என்ற ஏலியன் துப்பாக்கி கிடைக்கும், அதற்குத் தோட்டாவாகப் பயன்படும் பவர் மாட்யூலும் கிடைக்கும். ஒரே மாதிரி இரண்டு அட்டமைசர் இருந்தால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரி செய்யலாம். மாட்யூல் குறைந்தால் ஷாக் பேட்டன் என்ற மின்தடியை எடுங்கள், அதற்குத் தோட்டாவே வேண்டாம். ஏலியன் எபாக்ஸி என்று ஒன்று கிடக்கும், பலர் அதைக் குப்பை என்று விட்டுவிடுகிறார்கள். கையில் இருக்கும் ஆயுதத்தை அது நின்ற இடத்திலேயே சரி செய்யும். உங்கள் பழைய துப்பாக்கியையும்தான்! இந்த விரிவாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

ஹேங்கர், க்ரையோ லேப், ரோபோ அசெம்பிளி என்ற கப்பலின் மூன்று பகுதிகளையும் எந்த வரிசையிலும் முடிக்கலாம். க்ரையோ லேபிலிருந்து உங்களோடு இருக்கும் ராணுவ மருத்துவ வீரர் எலியட் திரும்பியதும், ஏலியன்களின் மருந்தான பயோஜெல்லை அவரிடம் கொடுங்கள், மனிதர்களுக்கு ஏற்ற மருந்தாக மாற்றித் தருவார்.

அப்புறம், இதை மட்டும் மறக்காதீர்கள்: கதை முடிந்தபின் கப்பலின் பெரும்பகுதி பூட்டிக்கொள்ளும். கைதிகளின் குரல் பதிவுகள் மொத்தம் 25. போகிற வழியிலேயே ஒவ்வொரு அறையாக எடுத்துவிடுங்கள், அவசரப்பட்டு ஓட வேண்டாம். விண்வெளி நடைக்கு முன் தனியாக ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள்.