ரெட்ரோஆர்ச் செட்டிங்ஸ் எந்த ஃபைல்ல இருக்கு, மாத்தினாலும் ஏன் பழசுக்கே போயிடுது?

தம்பி, ரெட்ரோஆர்ச்ங்கிறது பழைய கேம்களை கம்ப்யூட்டர்ல ஓட்டுற எமுலேட்டர், அதோட செட்டிங்ஸுக்கு நீங்க தேடுறது ரெட்ரோஆர்ச்.சிஎஃப்ஜி-ங்கிற ஃபைல். விண்டோஸ்ல ரெட்ரோஆர்ச் போட்டு வச்ச ஃபோல்டர்லயே கிடக்கும். லினக்ஸ்ல பொதுவா ஹோமுக்குள்ள டாட் கான்ஃபிக் ஃபோல்டர், அதுக்குள்ள ரெட்ரோஆர்ச், முன்னாடி புள்ளி இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது, மறைஞ்ச ஃபைலையும் காட்டச் சொல்லணும்.

மாத்தினது நிக்கலன்னா பெரும்பாலும் ஒரே காரணம்தான். எமுலேட்டர் ஓடிட்டு இருக்கும்போதே நோட்பேட்ல திறந்து மாத்தியிருப்பீங்க, அது மூடும்போது தன்கிட்ட இருக்கிற பழசை மேல எழுதிடும், நீங்க செஞ்சது எல்லாம் போச்சு. சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர்ல கன்ட்ரோலர் வாங்கிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நானும் இதோடதான் போராடினேன். முதல்ல எமுலேட்டரை மூடுங்க, ஃபைலை ஒரு காப்பி எடுங்க, அப்புறம் கை வைங்க.

இன்னொண்ணு, ஒரே ஒரு கேமுக்கு மட்டும் வேற செட்டிங் வேணும்னா மெயின் ஃபைலைத் தொடவே தொடாதீங்க. கேம் ஓடும்போது குவிக் மெனுல ஓவர்ரைட்ஸ் போய் அந்த கேமுக்குன்னு சேவ் பண்ணுங்க, ரெட்ரோஆர்ச்சோட கான்ஃபிக் ஃபோல்டர்ல, அந்தந்த கோர் (அந்த கேமை ஓட்டுற எமுலேட்டர் பகுதி) பேர்ல இருக்கிற ஃபோல்டருக்குள்ள கேம் பேர்ல தனி ஃபைலா உக்காந்துக்கும். கோருக்கு வச்சதை விட கேமுக்கு வச்சதுதான் கடைசியில ஜெயிக்கும், அதனால மெயின்ல மாத்தியும் ஒரு கேம்ல மட்டும் மாறலன்னா அங்க போய் பாருங்க.

ரொம்ப குழம்பிடுச்சுன்னா சிஎஃப்ஜி ஃபைல் பேரை மாத்திட்டு திறங்க, புதுசா ஒண்ணு அதுவே உண்டாக்கிக்கும். சேவ் ஃபைல் தனியா இருக்கும், அழியாது.